இரண்டாம் தொடுதல்



பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவன் இரண்டு முறை தொடப்பட்டதை மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். முதல் தொடுதலுக்குப் பின் மனிதர்கள் அவனுக்கு மரங்களாய்த் தோன்றினர். இரண்டாம் தொடுதலில்தான் பார்வை தெளிந்தது. கண்புரைச் சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதன் என் நினைவுக்கு வருகிறான். அவனுக்குச் சில நிமிடங்களில் கிடைத்த இரண்டாம் தொடுதலுக்கு மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகள் காத்திருந்தது.

புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிவந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். அப்பொழுது, 1747இல், பிரான்ஸ் தேசத்தில் ஜாக் தாவியேல் என்னும் மருத்துவர் விழியின் முன்பகுதியைக் கீறித் திறந்து, புரை பிடித்த லென்ஸை வெளியே எடுத்தார். அதுவரை ஊசியால் புரையைக் குத்திக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவதுதான் நம் நாட்டிலும் மேல்நாட்டிலும் வழக்கம். தாவியேல் காட்டிய வழியே பிற்கால அறுவைக்கெல்லாம் அடிப்படை ஆயிற்று.

ஆனால் அவர் எடுத்தார். எடுத்த இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. நம் பாட்டன் பாட்டிமாரில் சிலர் அணிந்திருந்த சோடாபுட்டிக் கண்ணாடியை மறந்திருக்கமாட்டீர்கள். கண்ணுக்குள் இல்லாமற்போன லென்ஸின் வேலையை மூக்கின்மேல் இருந்த அந்தக் கனத்த கண்ணாடிதான் செய்தது. அதன் வழியே எதுவும் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருகிறவர் தெரியமாட்டார். திடீரென்று எதிரே முளைத்ததுபோல் நிற்பார். ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்தவர் நிலை இன்னும் கடினம். இரு கண்களும் இருவேறு அளவில் காட்டுகிற உருவங்களை மூளையால் ஒன்றாக்க இயலாது. நான் அறிந்த மூதாட்டி ஒருவர் காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு, தம்மைத் தாமே கடிந்துகொள்வார். பிழை அவருடையது அன்று என்று அந்நாளில் எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தொடுதல் ஒரு போரின் காயத்திலிருந்து வந்தது. 1940 ஆகஸ்டு 15 அன்று இங்கிலாந்தின் வானில் கார்டன் கிளீவர் என்னும் விமானியின் போர்விமானம் தாக்கப்பட்டது. (அது ஸ்பிட்ஃபயர் என்று பலர் எழுதுகிறார்கள், உண்மையில் ஹரிக்கேன்.) விமானியறையின் பெர்ஸ்பெக்ஸ் மூடி சிதறி அவர் கண்களில் பாய்ந்தது. ஒரு கண் பறிபோயிற்று. மற்றக் கண்ணில் தங்கிய சில்லுகளோ ஆண்டுகள் கடந்தும் அழற்சி உண்டாக்காமல் கிடந்தன. அவரைக் கவனித்த மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி அதை மனத்தில் குறித்துக்கொண்டார். பின்னர் ஒரு நாள், புரை எடுக்கும் அறுவையைக் கண்டுநின்ற மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைப்பதில்லையா என்று கேட்டாராம். குழந்தைத்தனமான கேள்விதான். இரண்டு நூற்றாண்டாகப் பெரியவர்கள் கேட்கத் தவறிய கேள்வியும் அதுவே.

1949 நவம்பர் 29 அன்று லண்டன் புனித தோமா மருத்துவமனையில் 45 வயதுப் பெண்ணொருவருக்கு ரிட்லி பெர்ஸ்பெக்ஸால் ஆன லென்ஸைப் பொருத்திப் பார்த்தார். 1950 பிப்ரவரியில் அதை நிரந்தரமாக வைத்தார். லென்ஸின் திறனைக் கணித்ததில் பிழை நேர்ந்ததால் அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. கண்ணிலிருந்து அயற்பொருளை அகற்றுவதே மருத்துவம், அதைக் கொண்டுபோய் வைப்பதா என்று மூத்தவர்கள் சினந்தார்கள். அவருடைய நோயாளிகளைப் பார்க்கவும் மறுத்தவர் உண்டு. ரிட்லிக்குச் சர் பட்டம் கிடைத்தது 2000இல். அப்போது அவருக்கு வயது 93. அதற்குள் அவருடைய கண்களிலும் அதே மருத்துவமனையில் லென்ஸ் வைக்கப்பட்டிருந்தது.

ஆயினும் அது நம் ஏழைகளை எளிதில் வந்தடையவில்லை. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. இலவச முகாமுக்கு வரும் கூலித்தொழிலாளிக்குக் கனத்த கண்ணாடியே போதும் என்று கருதியவர்கள் அறிவாளிகளிலும் இருந்தனர். இந்த எண்ணம் எனக்கு விலையைவிட அதிக வருத்தம் தருகிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அதை ஏற்கவில்லை. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கண் அறுவை பழகிய மனிதர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் நம் ஊரிலிருந்து போனது; புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரிடத்தில் அவருக்கிருந்த பற்றினால் அது ‘அரவிந்த்’ ஆயிற்று. அந்தத் தத்துவம் நம் விசுவாசம் அன்று. ஆனாலும் அதனால் உந்தப்பட்டு அவர் செய்த ஊழியத்தை மதிக்க எனக்குத் தயக்கமில்லை. 1992இல் மதுரையில் ‘அரோலேப்’ லென்ஸ் தயாரிக்கத் தொடங்கவே, விலை ஏறக்குறைய பத்து டாலருக்கு இறங்கியது. 2003இல் நம் தவளக்குப்பத்திலும் அரவிந்த் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இன்று நம் முதியோர் பலர் அந்த லென்ஸோடுதான் ஆராதனைக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பவை உண்டு. லென்ஸ் தேய்ந்துபோகுமா? தேயாது, சாதாரணமாக ஆயுள் முழுவதும் நிற்கும். கடற்கரை நீலம் முன்னைவிட நீலமாய்த் தெரிகிறதே? உண்மைதான், மஞ்சளித்த பழைய லென்ஸ் இத்தனை நாளும் அந்த நீலத்தை மறைத்திருந்தது. தூரம் தெளிவாய்த் தெரிந்தும் வேதாகம எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறதே? பெரும்பாலும் வைக்கப்படும் லென்ஸ் ஒரே தூரத்துக்கு அமைந்தது. பிறவி லென்ஸைப்போல் வளைந்துகொடுக்காது.

சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கும். புரை திரும்பிவிட்டது, லென்ஸ் கெட்டுவிட்டது என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பல வேளைகளில் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சவ்வு கலங்கியிருக்கும். லேசர் கதிரால் அதில் சிறு வழி திறப்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை; சில நிமிட வேலை. மங்கலுக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் பார்த்தே சொல்லவேண்டும். உங்கள் வீட்டு முதியவர் அப்படி அஞ்சிக்கொண்டிருந்தால், இந்த வாரமே துணைக்கு ஒருவராக அவருடன் போங்கள். பரிசோதனைக்கு விடும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் கண் கூசும். தனியே பேருந்து பிடித்து வர அவரால் இயலாது.