சுண்ணாம்பு வராத கப்பல்

மக்காச்சோளத்தின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு உலகம் வைத்த பெயர்கள். நாம் அதை 'மக்கா'ச்சோளம் என்கிறோம். மெக்காப் பக்கமிருந்து வந்தது என்ற எண்ணம் அந்தப் பெயரில் ஒட்டியிருப்பதாகச் சொல்வார்கள். இத்தாலியர்கள் அதைத் துருக்கித் தானியம் என்றார்கள். துருக்கியர்களோ 'மிஸிர்' என்கிறார்கள், அதாவது எகிப்து. யார் கையிலிருந்து வாங்கினார்களோ, அல்லது வாங்கியதாக நினைத்தார்களோ, அவர்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். உண்மையில் அது பிறந்த மெக்சிகோ இந்தப் பெயர்களில் எங்குமே இல்லை.

பெயரில் ஊர் தொலைந்துபோனது சின்ன விஷயம். அந்தப் பயணத்தில் இன்னொன்றும் தொலைந்தது. அதனால் லட்சக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். தொலைந்த பொருள் வேறொன்றும் இல்லை, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு.

*

மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பகுதியில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பு, டியோசின்டே என்ற புல்லிலிருந்து மக்காச்சோளத்தை மனிதர்கள் உருவாக்கி எடுத்தார்கள். காய்ந்த சோளத்தை அவர்கள் அப்படியே திரித்துத் தின்னவில்லை. சுண்ணாம்போ மரச்சாம்பலோ கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் கழுவி, தோல் போகத் தேய்த்து, அதன் பிறகுதான் அரைத்தார்கள். குறைந்தது 3000 ஆண்டுப் பழக்கம் இது. நாவாட்டில் மொழியில் இதற்கு நிஷ்டமல் என்று பெயர். 'நெஷ்ட்லி' என்றால் சாம்பல்.

அரைத்த கல்லின் பெயர் மெட்டாட்டே. படத்தைப் பார்த்தால் நம் வீட்டு அம்மிக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். அதற்கும் ஒரு குழவி உண்டு. விடியுமுன் எழுந்து, முழங்காலிட்டு, மணிக்கணக்கில் அரைத்தவர்கள் பெண்கள். அரைத்து வரும் ஈரமான உருண்டைதான் மாசா. ஸ்பானிய மொழியில் பிசைந்த மாவு என்று பொருள். அதைத் தட்டிச் சுட்டால் டார்ட்டியா.

சுண்ணாம்பு இங்கே செய்யும் வேலை மூன்று. சோளத்தின் தோலைப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கிறது. மாவுக்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது. வெறும் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டிப் பாருங்கள், ஓரம் ஓரமாக விண்டு போகும். மூன்றாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி நம் குடல் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் பணம் இருப்பதுபோல. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது.

*

1492க்குப் பிறகு மக்காச்சோளம் கப்பலேறியது. விதை ஏறியது, அதை எப்படி நடுவது என்ற விவரமும் ஏறியது. ஆனால் சமையல் ஏறவில்லை. கோதுமை திரிக்கும் ஆலைகள் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தன. கல்லில் போட்டால் சோளமும் மாவாகிவிட்டது. அப்புறம் எதற்குச் சாம்பலும் சுண்ணாம்பும்? பழங்குடிப் பெண்கள் அடுப்படியில் செய்ததை ஒரு தொழில்நுட்பம் என்று யாரும் எண்ணவில்லை.

1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் ஒரு புதிய நோயைக் குறித்துவைத்தார். வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கறுத்து, உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலத் தழும்பு விழுந்தது. பிறகு வயிற்றுப்போக்கு, மனப்பிறழ்வு, கடைசியில் மரணம். நோயாளிகள் எல்லோரும் ஏழைகள், மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தவர்கள் என்பதையும் அவர் கவனித்தார். 1771இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ஃபிராப்போல்லி இந்த நோயைப் பற்றி எழுதியபோது, ஊர் மக்கள் பேச்சில் வழங்கிய பெயரே நின்றது: பெல்லாக்ரா. கரடுமுரடான தோல்.

அடுத்த நூற்றைம்பது வருடம் நடந்ததை ஒரு நீண்ட பிழைதிருத்தம் என்றுதான் என் தொழில் புத்தி படிக்கிறது. கெட்டுப்போன சோளம் காரணம் என்றார்கள். கிருமி என்றார்கள். பரம்பரை என்றார்கள். சோளத்தைச் சந்தேகித்தார்கள், தின்றவர்களைச் சந்தேகித்தார்கள். அதே சோளத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்னும் மெக்சிகோ கிராமங்களில் இந்த நோய் ஏன் இப்படிப் பரவவில்லை என்ற கேள்வி மட்டும் ஓரத்திலேயே கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெல்லாக்ரா வெடித்தது. 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. பருத்தி மில் தொழிலாளர்கள், குத்தகை விவசாயிகள், சிறைக் கைதிகள், அநாதை விடுதிக் குழந்தைகள். 1914இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் விசாரிக்கப் போனார். அவர் கண்ணில் முதலில் பட்டது எளிய விஷயம்: விடுதியில் இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அங்கேயே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. கிருமி ஆள் பார்த்தா ஒட்டும்?

1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாகச் சொல்லி, 11 கைதிகளுக்குச் சோளமும் சர்க்கரைப் பாகும் மிகுந்த உணவை மாதக்கணக்கில் கொடுத்தார். 6 பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவி மேரியும் ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. நோய்க்குக் காரணம் வறுமையான சாப்பாடு என்று அவர் சொன்னதைத் தென்மாநிலங்கள் ரசிக்கவில்லை. அவர் 1929இல் இறந்தார். குறைந்த சத்து எது என்பது 1937இல்தான், கான்ராட் எல்வெஹ்யெமின் ஆய்வில் தெரிந்தது: நியாசின்.

*

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் மக்காச்சோளம் எப்போதுமே தினச் சாப்பாடாக இருந்ததில்லை. விருதுநகர்ப் பக்கக் கரிசலில் கம்பும் வெள்ளைச்சோளமும் குதிரைவாலியும்தான் பழைய தீனி.

ஆனால் பெல்லாக்ராவின் இந்திய அத்தியாயம் அந்த வெள்ளைச்சோளத்தில்தான் இருக்கிறது. அதை எழுதியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். 1918இல் குன்னூரில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. அங்கே தக்காணத்து ஏழைகளிடம் பெல்லாக்ரா இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் தின்றது மக்காச்சோளம் அல்ல, வெள்ளைச்சோளம். 1960இல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் இரண்டு சோளத்திலும் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தைக் காரணமாகச் சுட்டினார்கள். அந்த விளக்கம் பிறகு நிறைய விவாதிக்கப்பட்டது. விவாதிக்கப்படாத உண்மை ஒன்று உண்டு: பருப்பு, மோர், மீன், முட்டை ஏதாவது தட்டில் கூட இருந்தால் இந்த நோய் வருவது அரிது. புரதத்தில் இருக்கும் டிரிப்டோபனிலிருந்து உடம்பே நியாசின் செய்துகொள்ளும். வெறும் சோளத்தை மட்டும் தின்ன நேர்பவர்களைத்தான் அது பிடிக்கும்.

மக்காச்சோள மாவு எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததும் இதே காலம்தான். விருதுநகர்க்காரரான காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1961 முதல் கேர் என்ற அமெரிக்க நிறுவனம் பால்பவுடர், எண்ணெய், மக்காச்சோள மாவு என்று உதவி அனுப்பியது. 1966க்குப் பிறகு சோளம், சோயா, பால் மூன்றும் கலந்த மாவும் வந்தது. அதில் நியாசின் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தென்மாநிலங்களில் கற்ற பாடம், மூட்டைக்குள் பொடியாக வந்து இறங்கியது என்று சொல்லலாம்.

எழுபதுகளில் பள்ளி போன என் அம்மாவிடம் கேட்டேன். "மஞ்ச உப்புமா. அமெரிக்கா மாவும்பாக. ஒரு மாதிரி வாசம் அடிக்கும். பசிக்கு அதுவே தேவாமிர்தம்ல" என்றார். அந்த மாவில் வைட்டமின் கலந்திருந்ததோ, அதன் பின்னால் ஒரு சிறைப் பண்ணை இருந்ததோ அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பசி ஆறியது.

*

இப்போது விஸ்வநத்தத்துக்கு வருகிறேன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன சிவகாசியை ஒட்டிய ஊர். இங்கிருந்து கொஞ்சம் வெளியே போனால் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம்தான். அறுவடைக் காலத்தில் ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகக் காயும். அதை விளைவிக்கும் வீடுகளில் யாரும் அதைச் சமைப்பதில்லை. அது கோழித்தீவனம். என்னைப் போன்றவர்களோ இணையத்தில் பல மடங்கு விலை கொடுத்து மாசா மாவுப் பொட்டலம் வாங்குவோம். மெக்சிகோவில் 1949இல் ஒரு தந்தையும் மகனும் செர்ரால்வோ என்ற ஊரில் தொடங்கிய ஆலைதான் இந்தப் பொட்டலத் தொழிலை உலகம் முழுக்கக் கொண்டுபோன மசேகா. பிசைந்த மாசாவை உலர்த்திப் பொடித்தால் மாசா மாவு, அவ்வளவுதான். கடையில் விற்கும் கார்ன் ஃப்ளோர் வேறு, அது வெறும் ஸ்டார்ச். சாதா மக்காச்சோள மாவும் வேறு, அது சுண்ணாம்பு காணாதது.

சோளம் தெரிந்தவர் காட்டில் இருக்கிறது, சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் இருக்கிறது. பொட்டலம் எதற்கு? ஒரு கிலோ காய்ந்த சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், சாப்பிடத் தகுந்த சுத்தமான நீற்றின சுண்ணாம்புப் பொடி 10 கிராம். வெற்றிலைக்குத் தடவுவது குழைவாக இருந்தால் எடை கூடும். நீற்றாத கல்சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் கூடாது. மருந்து தடவிய விதைச்சோளம் கூடவே கூடாது. அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் பாத்திரம். நம்மூர்ச் சோளம் கெட்டி ரகம் என்பதால் ஒரு மணி நேரமாவது வேகணும்.

"ஏய்யா, சோளத்துல எதுக்குய்யா சுண்ணாம்பு? வாய் வெந்துறாதா?" என்றார் அம்மா. அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிறோமே, அது மாதிரி என்றேன். அதற்கப்புறம் அவர் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலையில் தோல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நாலு தண்ணீரில் அலசி, அளவாகத் தெளித்து கிரைண்டரில் அரைத்ததும் அவர்தான். பதம் அவர் கைக்குத் தெரிந்தது. பாலிதீன் தாளுக்கு நடுவில் அழுத்தி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சுட்டோம். வேகும்போது ஈரமண் வாசமும் வறுத்த சோள வாசமும் சேர்ந்து எழுந்தது. கருவாட்டுக் குழம்புக்குப் பொருந்தியது.

அந்தப் பதம் பிடிக்கும் கை மெக்சிகோவிலும் இருந்தது. கப்பல் ஏற்றியவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது அந்தக் கையைத்தான். 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். வந்த வேகத்தில் நம் மக்காச்சோளக் காடுகளையும் அரித்தது. புழுகூட வழி கண்டுபிடித்து வந்துவிட்டது. ஒரு சமையல் முறை வந்து சேர ஐந்நூறு வருடம் ஆகிறது.

இதைச் சொல்வதால் இனி எல்லோரும் டார்ட்டியா சுட வேண்டும் என்று பொருளில்லை. நம் ரோட்டோரத்துச் சோளம் லாரி ஏறி நாமக்கல் போகிறது, கோழிக்குத் தீனியாகிறது, அந்த முட்டை சத்துணவுத் தட்டில் பிள்ளைகளிடம் வருகிறது. ஒரு முட்டையில் இருக்கும் டிரிப்டோபனிலிருந்து உடம்பு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் நியாசின் செய்துகொள்ளும். சுண்ணாம்பு செய்த வேலையில் ஒரு பங்கை இங்கே கோழி செய்துகொண்டிருக்கிறது. முட்டை எதற்கு, சோறு போதாதா என்று யாராவது கேட்கும்போது, கழுத்தில் தழும்பு மாலை விழுந்த அந்த விடுதிப் பிள்ளைகளை நான் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கும் வயிறு நிறையத்தான் சோளம் போட்டார்கள்.