திருவாதிரையைத் தேடிய கதை

அசுவினி தொடக்கம் இரேவதி ஈறாக இருபத்தேழு நட்சத்திரப் பெயர்களையும் மூச்சுவிடாது ஒப்புவிக்க எனக்கு இளமையிலேயே தெரியும். நிகண்டை மனனஞ் செய்த பரம்பரை அல்லவா! ஆனால் ஒருநாள் வகுப்பில் திருவெம்பாவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வானத்திலை திருவாதிரை எது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த நாளை வர நெடுங்காலம் பிடித்தது.

வானிற் சிதறிய மீன்களை இனங்காணப் பண்டையோர் கைக்கொண்ட வழி எளியது. ஒளிமிக்க மீனை முதலிற் காண்பது, அதைக் கொண்டு கூட்டத்தைக் காண்பது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை 48 கூட்டங்களாக வகுத்து, ஒளிக்கேற்ப ஆறு தரங்களும் இட்டார். 964ஆம் ஆண்டளவிற் பாரசீகத்து அல் சூபி அத்தரங்களைத் தாமே நோக்கித் திருத்தினார். ஐரோப்பியர் வழங்கும் விண்மீன் பெயர்களிற் பல அரபு மொழி தந்தவை.

அவற்றுள் ஒன்று நம் திருவாதிரைக்கு உரியது. ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தோளிற் செந்நிறமாய் ஒளிரும் மீன் அது. அரபியர் அதனை 'யத் அல் ஜவ்சா' என்றனர். ஜவ்சாவின் கை என்பது பொருள். இலத்தீனுக்குப் பெயர்த்தபோது, இரு புள்ளி பெற்ற யகரம் ஒரு புள்ளி பெற்ற பகரமாக வாசிக்கப்பட்டுவிட்டது. 'பெட்டல்ஜூஸ்' பிறந்தது இப்படித்தான். பின்வந்தோர் பிழையென்று அறியாது அதற்கு 'அக்குள்' என்று பொருளுங் கண்டனர்! புள்ளியிடாத ஏட்டுச் சுவடிகளோடு நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

1603இல் ஜேர்மனியச் சட்டத்தரணி யோகான் பாயர் வெளியிட்ட வான்படத் தொகுதியில், ஒவ்வொரு கூட்டத்து மீன்களுக்கும் கிரேக்க எழுத்துகள் சூட்டப்பட்டன. பெரும்பாலும் ஒளிமிக்கதற்கே முதலெழுத்தான அல்பா. ஓரியனிலோ அல்பா திருவாதிரைக்குக் கிடைத்தது. வழமையில் அதனினும் ஒளிமிக்க றைகெல் பீற்றாவாயிற்று. பாயரைக் குறைகூற நான் விரும்பவில்லை. ஒரே தரத்து மீன்களை அவர் மேலும் தரம் பிரிக்க முயலவில்லை. அன்றியும் திருவாதிரை ஒளி மாறும் இயல்பினது. 2020 பெப்ரவரியில் அது வழமையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மங்கிற்று. அது கக்கிய தூசுப் படலமே மறைத்தது என்று பின்னர் விளக்கினர்.

ஆகவே எழுத்தையும் பெயரையும் விட்டு வானத்தையே பார்த்தேன். தை மாத முன்னிரவில் உச்சிக்கு அண்மையில் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். நேயர்களும் காணலாம். அவ்வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால், இரவு வானத்து விண்மீன்களுள் ஒளியில் முதன்மையான சீரியஸ். வடமேற்கே நீட்டினாற் செம்மை படர்ந்த உரோகிணி. அப்பாற் கார்த்திகைக் கொத்து. மூன்று மீன்களுக்கும் தெற்கே நீலம் பாய்ந்த வெண்மீன் றைகெல். வடக்கே செம்மீன். அதுதான்.

அடுத்த மார்கழித் திருவாதிரையன்று, கோயிலுக்குப் புறப்பட்ட விடியற்பொழுதில் மேற்கே திரும்பினேன். ஏறத்தாழ முழுமதி சாய்ந்துகொண்டிருந்தது. அதன் அருகே, நிலவொளியிலும் மறையாமல், அந்தச் செம்மீன் நின்றது. எத்தனை மார்கழிகள் அதற்கு முதுகு காட்டி நடந்திருக்கிறேன்! கேட்ட மாணவன் அதற்குள் பாடசாலையை விட்டுப் போய்விட்டான்.