பட்டர்வொர்த் படகுத்துறையும் பொதுமக்கள் பாதுகாப்பும்

கி.பி. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின்மீது படையெடுத்தது என்பதை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தயங்காமல் சொல்வர். பூஜாங் பள்ளத்தாக்கின் சிறப்பையும் அவர்கள் அறிவர். நாம் வாழும் கெடா மாநிலமே அன்றைய கடாரம் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும். அது வேண்டியதே. ஆனால், அதே மாணவர்களிடம் 1988-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் பட்டர்வொர்த்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கும். தாத்தா பாட்டியரின் கண்முன் நடந்த செய்தி பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

மன்னர்களின் வெற்றி மட்டும் வரலாறு ஆகாது. குடிமக்கள் நாள்தோறும் நடந்த வழிகளும், அவ்வழிகளில் அவர்கள் பட்ட இடர்களும் வரலாறே. அத்தகைய ஒரு வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

நீரிணையும் நம்மவரும்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் பிரிப்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணை. 1786-இல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து தீவைப் பெற்றார். 1800-இல் எதிர்க்கரை நிலமும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அக்கரையில் எழுந்த ஊருக்கு நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த பட்டர்வொர்த்தின் பெயர் இடப்பட்டது. ஆட்சி இரண்டாகப் பிரிந்தாலும், கெடா மக்களின் வாழ்வில் பினாங்கு பிரியாமலே நின்றது.

தமிழருக்கு இந்நீரிணை இன்னும் நெருக்கமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் முதலில் கண்ட மலாயா மண் பினாங்கு ஆகும். கங்காணிகளின் பின்னே வந்தவர்கள் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாள்களைக் கழித்து, நீரிணையைக் கடந்து, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்குச் சென்றனர். இருப்புப்பாதை 1915-இல் அலோர் ஸ்டாரையும் 1918-இல் எல்லையிலுள்ள பாடாங் பெசாரையும் எட்டியது. தோட்டங்கள் பெருகப் பெருக, நீரிணையைக் கடப்போர் தொகையும் பெருகிற்று.

முறையான படகுப் போக்குவரத்து 1894-இல் குவா பெங் கீ என்னும் சீன வணிகராலும் அவர்தம் உடன்பிறந்தாராலும் தொடங்கப்பெற்றது. 1920-களில் வாகனங்களை ஏற்றும் படகுகள் வந்தன. பின்னர் அது துறைமுக ஆணையத்தின் பொறுப்பிற்கு வந்தது. பட்டர்வொர்த் பக்கத்துத் துறைக்குக் கெடா சுல்தானின் பெயரால் ‘சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறை’ என்று பெயரிட்டனர்.

தோட்டத்து மக்கள் எதற்காகத் தீவுக்குச் சென்றனர்? தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குச் சென்றனர். திருமணத்திற்குத் தாலியும் கூறைப்புடவையும் வாங்கச் சென்றனர். பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் சென்றனர். ஊருக்குக் கப்பலேறும் உறவினரை வழியனுப்பச் சென்றனர். பால்வெட்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த வெள்ளியோடு பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டவும் சென்றனர். பட்டர்வொர்த் துறையின் மேல்தளத்தில் நின்று படகு வருவதைப் பார்த்துக் கைகொட்டாத தோட்டத்துப் பிள்ளை அன்று இருந்திருக்க முடியாது. நானும் அவ்வாறு நின்றவனே.

1985-ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. சொந்த வாகனம் உடையோர்க்கு அது வசதியாயிற்று. பேருந்திலும் தொடர்வண்டியிலும் வந்து இறங்கியவர்களுக்குப் படகுத்துறையே தொடர்ந்து வாயிலாயிருந்தது. எனவே, அத்துறையின் பாதுகாப்பு என்பது ஏழை எளியோரின் பாதுகாப்பாகவே இருந்தது.

1988 ஜூலை 31

அன்று ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்திருந்தனர். தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமன்றி, இந்துக்களும் சீனரும் மெழுகுவத்தி ஏற்ற அங்குச் செல்வது வழக்கம். அதே வேளையில் ஜார்ஜ் டவுனில் குவான் யின் தேவிக்குச் சீனர்கள் பெருவிழா எடுத்தனர். இருகரையிலும் விழா, இடையில் ஒரே படகுத்துறை.

மாலையில் பட்டர்வொர்த் துறையின் மேல்தளம் மக்களால் நிறைந்தது. படகுக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் பளுவைத் தாங்க மாட்டாது பயணிகள் நின்ற மேடை இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். 1,634 பேர் காயமுற்றனர். இவ்விரண்டு எண்களையும் படிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்கள் போர்க்களத்திற்குச் சென்றவர்கள் அல்லர். கட்டணம் செலுத்திவிட்டுப் படகுக்கு நின்றவர்கள்.

நிகழ்ச்சியை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. துறை மீண்டும் செப்பனிடப்பட்டது. மக்களும் மீண்டும் அதே வழியில் நடந்தனர். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

கூட்டமா, கவனக்குறைவா?

இத்தகைய விபத்து நேரும்போதெல்லாம் ‘கூட்டம் மிகுந்துவிட்டது’ என்னும் விளக்கம் முதலில் வரும். இவ்விளக்கத்தை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவிழாவின் நாள் நாள்காட்டியில் இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமையில் வருவதும் முன்கூட்டியே தெரியும். ஒரு மேடை எத்தனை பேரைத் தாங்கும் என்பது கட்டிய பொறியியலாளர் கணக்கில் இருக்க வேண்டும். எத்தனை பேர் உள்ளே விடப்படுகின்றனர் என்பதை வாயிலில் எண்ணிவிடலாம். ஆகவே, கூட்டம் என்பது இடியைப் போலத் திடீரென வானத்திலிருந்து விழுவதன்று. எதிர்பார்க்கத் தக்கதை எதிர்பாராதிருப்பதற்குப் பெயர் விதியன்று, கவனக்குறைவு.

திருவள்ளுவர் ‘குற்றங்கடிதல்’ என்னும் அதிகாரத்தில், தீங்கு வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிடுகிறார். அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டது என்பதை நாம் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. தனிமனிதனுக்குரிய அறிவுரையாக மட்டும் கூறி முடித்துவிடுகிறோம். ஆள்வோனுக்கும் அது கடமை என்பதே வள்ளுவர் கருத்து.

கூட்டத்தின்மீது பழி சுமத்துவது நம் நாட்டில் மட்டும் காணும் வழக்கமன்று. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ காற்பந்து அரங்கில் நெரிசல் ஏற்பட்டு 97 பேர் மாண்டனர். இரசிகர்களின் ஒழுங்கின்மையே காரணம் என்று அன்று பேசப்பட்டது. மாண்டோரின் குடும்பத்தார் விடாது போராடினர். 27 ஆண்டுகள் கழித்து, 2016-இல், இரசிகர்மீது குற்றமில்லை என்று விசாரணை நடுவர் குழு முடிவு கூறியது. உண்மை வருவதற்கு ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்தது.

மும்பை நகரில் 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைபாலத்தில் 23 பயணிகள் நெரிசலில் மாண்டனர். அப்பாலம் போதவில்லை என்று அன்றாடப் பயணிகள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தனர். விபத்திற்குப் பின் இராணுவத்தை அழைத்துப் புதிய பாலம் கட்டினர். சில திங்கள்களில் அது திறக்கப்பட்டது. சில திங்களில் முடியக்கூடிய வேலைக்கு 23 உயிர் விலையாயிற்று என்பதே அங்குள்ள பாடம்.

அடுத்தடுத்த ஆண்டுகள்

படகுத்துறை இடிந்து பதினான்கு திங்கள் கழிவதற்குள், 1989 செப்டம்பரில், நம் கெடாவிலேயே குவார் செம்பெடாக்கில் ஒரு சமயப்பள்ளியின் விடுதி தீப்பற்றி 27 மாணவியர் மாண்டனர். 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு பேரிடர்கள்!

இவற்றின் பின் சட்டங்கள் வந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். 1994-இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே உயரமான கட்டடங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்ய வகைசெய்யும் திருத்தமும் வந்தது. இவை நன்மையே. ஆயினும், 2017 செப்டம்பரில் தலைநகரில் மற்றுமொரு சமயப்பள்ளியில் தீப்பற்றி, சன்னற் கம்பிகளைக் கடந்து வெளிவர இயலாமல் 23 பேர் மாண்டபோது, 1989-இன் பாடம் எங்கே போயிற்று என்று கேட்காதிருக்க இயலவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பதும், அதனை ஒருவர் நேரில் சென்று பார்த்து நிறைவேற்றுவதும் வேறு வேறு.

தோட்டத்து வாய்க்காற் பாலம்

பொதுமக்கள் என்னும் சொல்லுக்குள் தோட்டத் தொழிலாளி நெடுங்காலம் அடங்கவில்லை. விடுதலைக்குப்பின் கிராமங்களுக்குச் சாலையும் நீரும் மின்சாரமும் அரசாங்கத்தால் கொடுக்கப்பட்டபோது, தோட்டங்கள் தனியார் நிலம் என்ற காரணத்தால் விலக்கப்பட்டன. லயத்தின் கூரையும் சாலையும் முதலாளியின் பொறுப்பு என்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டும் போனபோது அப்பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமற் போயிற்று.

இதனை நான் ஏட்டில் படித்தறிந்தேன் அல்லேன். முன்னர்ப் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில், லயத்துப் பிள்ளைகள் ஒரு வாய்க்காலைக் கடந்தே பள்ளிக்கு வருவர். அதன் மீதிருந்த பலகைப் பாலம் உளுத்துப்போயிருந்தது. ஓர் அலுவலகத்திற்கு எழுதினேன். தனியார் நிலம் என்று விடை வந்தது. நில உரிமையாளருக்கு எழுதினேன், விடையே வரவில்லை. மற்றோர் அலுவலகம், பாலம் பள்ளி எல்லைக்கு வெளியே இருப்பதால் தம் கடமையன்று என்றது. கடிதங்களின் படிகளை ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கிவைத்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பலகை முறிந்து விழுந்து கையொடிந்தாள். பதினோராம் நாள் புதிய பாலம் வந்துவிட்டது.

அன்று எனக்குச் சினம் மிகுந்தது. ஆனால், இரவில் தனித்திருந்து எண்ணியபோது என் பங்கும் கண்ணுக்குப் பட்டது. கடிதம் எழுதிவிட்டோம் என்ற நிறைவில் நானும் இருந்துவிட்டேன். பெற்றோரைக் கூட்டி நான்கு பலகைகளையாவது மாற்றியிருக்கலாம். குறைந்தது, ஓர் ஆசிரியரைக் காலையில் அங்கு நிறுத்தியிருக்கலாம். அலுவலகங்கள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டியதுபோல, நானும் என் கோப்பைச் சுட்டிக்காட்டினேன். கவனக்குறைவு என்பது மேலிடத்திற்கு மட்டும் உரியதன்று.

பொறுப்பேற்றல்

1956 நவம்பர் 23-ஆம் நாள் தமிழ்நாட்டில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். எனினும், தம் துறையில் நேர்ந்த இழப்பு தம்முடையதே என்று ஏற்றார். அமைச்சர் ஒருவர் விலகுவதால் மாண்டவர் மீளார். ஆயினும் ‘இது என் கடமை’ என்று ஒருவர் எழுந்து சொல்லும்போதுதான், அவர்க்குக் கீழுள்ள ஒவ்வொருவரும் தத்தம் கடமையை எண்ணிப் பார்ப்பர். பொறுப்பு யாருக்கும் இல்லாத இடத்தில் பலகை உளுத்துக்கொண்டேயிருக்கும்.

பள்ளியின் பங்கு

இன்று நீரிணையின் காட்சி மாறிவிட்டது. வாகனங்களை ஏற்றிய பழைய படகுகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அச்சேவையிலிருந்து ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. 2015 முதல் மின் தொடர்வண்டி பாடாங் பெசார் வரை ஓடுகிறது. சுங்கை பட்டாணியிலிருந்து தீவுக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். அவர்களுள் நம் முன்னாள் மாணவர்களும் உளர். அவர்கள் ஏறும் படியும், நிற்கும் மேடையும், கடக்கும் பாலமும் உறுதியாயிருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை வேண்டுவதாகாது. வரி செலுத்தும் குடிமகனின் உரிமை அது.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. வட்டார வரலாற்றைக் கற்பிக்கும்போது கடாரத்தோடு நில்லாதீர்கள். மாணவரை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பி, 1988 ஜூலை 31 அன்று எங்கிருந்தீர்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டதை அவர்கள் எழுதட்டும். பின்னர், பள்ளிக்கு வரும் வழியில் ஆபத்தான இடம் எதுவென்று பார்த்து, உரிய அலுவலகத்திற்குத் தமிழிலும் மலாயிலும் ஒரு கடிதம் எழுதப் பழக்குங்கள். அக்கடிதத்திற்கு விடை வராவிட்டால் மீண்டும் எழுதவும், விடை வரும்வரை அவ்வழியில் சின்னஞ்சிறாரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லவும் கற்றுக்கொடுங்கள்.

1988-இல் அம்மேடையில் நின்றவர்களுக்கு அதன் வலிமையைக் கேட்டறியும் வாய்ப்பு இருக்கவில்லை. கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்றை வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.