ஹெட்லைட் பல்பை மாற்றுவது யார் வேலை?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கார் ஹெட்லைட் பல்பை வீட்டிலேயே மாற்றலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவரிடம் ஏதோ ஒரு பட்டறையில் "லைட் செட்டையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொரு தம்பி தானே வெள்ளை எல்.இ.டி. பல்பு வாங்கிப் போட்டுவிட்டதாகவும், "பகல் மாதிரி இருக்கு சார்" என்றும் எழுதியிருந்தார். இந்தப் பதிவு முக்கியமாக அவருக்காகத்தான்.

மாற்றலாம். பெரும்பாலான சின்னக் கார்களில் கால் மணி நேர வேலை. ஆனால் கேட்டது வரலாற்று வாத்தியாரிடம். 1892-இல் இருந்துதான் ஆரம்பிப்பேன்.

மாங்காயைப் பழுக்க வைக்கக் கூடாது என்று சொல்கிறார்களே, கார்பைட் கல், அதுதான் காரின் முதல் நல்ல விளக்கு. வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் 1892-இல் அலுமினியம் எடுக்கப் போய், மின் உலையில் கால்சியம் கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும். பற்ற வைத்தால் பளீரென்ற வெள்ளைச் சுடர். அதற்கு முன் கார்களில் இருந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அது எதிரே வருபவருக்கு "வண்டி வருது" என்று சொல்லுமே தவிர, ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டாது. நம் மலை மேல் தீபம் எத்தனையோ மைலுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தில் போளூர் ரோட்டில் பள்ளம் பார்த்து நடக்க முடியுமா? அப்படித்தான்.

சென்னையில் சிம்ப்சன் கம்பெனி நீராவிக் கார் செய்து ஓட்டியது 1903-இல். கார்பைட் விளக்கு கோலோச்சிய காலம் அது. மேல் டப்பாவில் தண்ணீர், கீழ் டப்பாவில் கல். டிரைவர் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, கண்ணாடியைத் திறந்து தீக்குச்சி கிழிக்க வேண்டும். பயணம் முடிந்ததும் டப்பாவில் சேர்ந்த சுண்ணாம்புச் சேற்றைக் கழுவிக் கொட்ட வேண்டும். பூண்டு நாற்றம் அடிக்கும். ஆக, விளக்கைப் பராமரிப்பது அன்று முழுக்க முழுக்க வண்டிக்காரரின் கை வேலை.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் என்று ஒருவர். ஆறு குழந்தைகள், வேலை இல்லை. தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்கத் தொடங்கினார். பிறகு எண்ணெயோடு விளக்கும் விற்றார். 1880 வாக்கில் அவருடைய சைக்கிள் விளக்கு 'கிங் ஆஃப் தி ரோடு' என்ற பெயரில் புகழ்பெற்றது. அந்தக் கடைதான் வளர்ந்து இங்கிலாந்துக் கார்களுக்கெல்லாம் மின்சாதனம் செய்த லூகாஸ் கம்பெனி ஆனது. 1961-இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியதும் அதே லூகாஸ்தான். பிறகு லூகாஸ் டி.வி.எஸ். 1996-இல் ஜப்பானின் கொய்ட்டோவோடு கைகோத்து, கார் விளக்கு செய்வதற்கென்றே இந்தியா ஜப்பான் லைட்டிங் கம்பெனியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செய்யாறு சிப்காட் என்று கம்பெனி பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் சிலர் தினமும் கையில் எடுப்பது ஒரு மண்ணெண்ணெய் வியாபாரி தொடங்கிய கதையின் தொடர்ச்சியை.

சரி, மின்விளக்குக்கு வருவோம். 1898-லேயே ஒரு அமெரிக்கக் காரில் மின்விளக்கு வைத்துப் பார்த்தார்கள். குலுக்கலில் இழை அறுந்துபோனது. ஓடும்போதே மின்சாரம் தரும் நல்ல டைனமோவும் அன்று இல்லை. உறுதியான டங்ஸ்டன் இழை வந்த பிறகே காரியம் கைகூடியது. 1912-இல் காடிலாக், ஸ்டார்ட்டரும் விளக்கும் சேர்ந்த மின் அமைப்போடு வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பாஷ் கம்பெனி தன் விளக்குத் தொகுதியைக் கொண்டுவந்தது. நம் பக்கம் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விடத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

வெளிச்சம் வந்ததும் புதிய தொல்லை ஒன்று வந்தது. எதிரே வருபவருக்குக் கண் கூசியது. இதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டு வண்டிப் பயணத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மாட்டு வண்டியின் அடியில் ஆடும் லாந்தர் யார் கண்ணைக் கூசச் செய்யும்? ரிஃப்ளெக்டரையே கம்பி இழுத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கரண்டைக் குறைத்துப் பார்த்தார்கள். 1925-இல் ஆஸ்ராம் கம்பெனி 'பைலக்ஸ்' என்ற பல்பைக் கொண்டுவந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், ஒன்று தூரத்துக்கு, ஒன்று டிம்முக்கு. டிம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு. இந்தத் தகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நாயகன் அதுதான்.

அமெரிக்காவில் 1930களில் நிலைமை மோசம். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுத்துப் போகும், உள்ளே தூசியும் ஈரமும் நுழையும். கார்க்காரர்கள் கிடைத்த பல்பை எல்லாம் மாட்டுவார்கள். இழை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஆகவே 1940 மாடல் கார்களிலிருந்து ஒரு கடுமையான முடிவு எடுத்தார்கள். இழை, ரிஃப்ளெக்டர், முன் கண்ணாடி மூன்றையும் ஒன்றாக வைத்து மூடி முத்திரை போட்டுவிட்டார்கள். இதுதான் 'சீல்டு பீம்'. 7 அங்குல வட்டம், எல்லாக் காருக்கும் ஒரே அளவு. தனியாகப் பல்பு என்று ஒன்று கிடையாது. இழை அறுந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்ட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. பல்பை மாற்றும் உரிமையைப் பறித்த இந்த ஏற்பாடு, விளக்கை மாற்றுவதைச் சுலபமாக்கியது. ஒரு திருப்புளி போதும். எந்தக் கடையிலும் அதே 7 அங்குல விளக்கு கிடைக்கும். கண்ட பல்பையும் போட வழியில்லை. எனக்கு அந்த முடிவில் மரியாதை உண்டு. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நாற்பது ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் புதிய விளக்கு எதுவும் எளிதில் நுழைய முடியவில்லை. ஐரோப்பியக் கார்கள் அங்கே போகும்போது விளக்கைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு போயின. 1983-இல் தான் தனி பல்பு போடும் விளக்குக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

அந்த 7 அங்குல வட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்பாசிடர், ஜீப், புல்லட் எல்லாவற்றின் முகமும் அதுதான். அம்பாசிடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை வந்தது. பழைய அம்பாசிடரில் டிம் பண்ணும் சுவிட்ச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். இடது காலால் ஒரு மிதி மிதித்தால் டிம், இன்னொரு மிதியில் பிரைட். அந்தக் கால டிரைவர் அண்ணன்கள் தாளம் போடுவது போல மிதித்துக்கொண்டே போவார்கள். எதிர் வண்டிக்கு டிம் பண்ணாதவரை மரியாதை தெரியாதவர் என்பார்கள்.

ஐரோப்பாக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். பல்பை மாற்றும் உரிமையை வண்டிக்காரரிடமே விட்டார்கள். ஆனால் தப்பாக மாட்ட முடியாதபடி பல்பைச் செய்தார்கள். 1959-இல் அமெரிக்காவின் ஜி.இ. கம்பெனியைச் சேர்ந்த ஃபிரிட்ரிச், வைலி இருவருக்கும் ஹாலஜன் விளக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் ஆவியாகி உள் கண்ணாடியில் கரி போல் படியும். உள்ளே கொஞ்சம் அயோடின் வைத்தால் அது அந்த டங்ஸ்டனைப் பிடித்துத் திரும்ப இழையிலேயே கொண்டுவந்து சேர்க்கும். கண்ணாடி கறுக்காது, இழையையும் அதிகம் சூடாக்கலாம். 1962-இல் ஐரோப்பாவில் கார்களுக்கான முதல் ஹாலஜன் பல்பு, எச்-1, வந்தது. அதில் ஒரே இழை. 1971-இல் இரண்டு இழையும் அந்தக் கிண்ணத் தகடும் சேர்ந்து எச்-4 வந்தது. உங்கள் கார்களில் பாதிக்கு மேல் இன்று இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். 12 வோல்ட், 60/55 வாட் என்று அடிப்பகுதியில் எழுதியிருக்கும்.

டிம் எரியும்போது தகடு கீழ்ப் பக்கம் போகும் ஒளியை மறைக்கிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்கிறது. மேல் பாதியில் பட்ட ஒளி கீழே சாய்ந்து சாலையில் விழுகிறது. எதிரே வருபவர் கண்ணுக்குப் போவதில்லை. இழையும் தகடும் மயிரிழை பிசகாமல் அந்தந்த இடத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்காகத்தான் பல்பின் வளையத்தில் மூன்று காதுகள். ஒன்று மட்டும் அகலம். ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும்.

இப்போது எல்.இ.டி. போட்ட தம்பி கவனிக்கவும். கடையில் விற்கும் எச்-4 எல்.இ.டி.யில் இழை இல்லை. தட்டையான ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒளி புறப்படும் இடம் வேறு, பரவும் விதம் வேறு. உங்கள் காரின் ரிஃப்ளெக்டர் இழைக்காக வளைக்கப்பட்டது. வெளிச்சம் அதிகம்தான். ஆனால் அதில் ஒரு பங்கு சாலைக்குப் போகாமல் எதிரே வருபவர் முகத்துக்குப் போகிறது. ஓட்டுகிற உங்களுக்கு அது தெரியாது. 100/90 வாட் பல்பும் இதே சங்கதிதான். அதோடு, 5 ஆம்பியர் போக வேண்டிய வயரில் 8 ஆம்பியருக்கு மேல் போகும். ஹோல்டர் உருகும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது என்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய ரோட்டோரம் நடந்து வரும் நம் ஊர்ப் பெண்களின் உயரம். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்ட வைப்பார்களே போலீஸ்காரர்கள், அதன் நோக்கமும் அதுவே. 1965, 1971 போர்களின்போது பல நகரங்களில் விளக்கின் மேல் பாதிக்குக் கறுப்பு மை பூசியது வேறு காரணத்துக்காக, விமானத்தின் கண்ணுக்கு மறைக்க.

வேங்கிக்காலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி இரவில் எத்தனை பேர் ரோட்டோரம் நடக்கிறார்கள்! தீபத்தின்போது பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வேலூர் ரோட்டில் கைக்குழந்தையோடு, செருப்பில்லாமல், கிழவிகளைக் கைப்பிடித்துக்கொண்டு ஜனம் வருகிறது. எதிர் வண்டியின் ஒளியில் கண் கூசிய டிரைவருக்கு, சில நொடிகள் அவர்கள் யாரும் தெரிவதில்லை. கண்புரை ஆரம்பித்த என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சில நொடிகள் இன்னும் நீளும்.

இனி வேலை. எஞ்சினை அணைத்து, விளக்கு ஆறும் வரை அரை மணி நேரம் விடுங்கள். பானட்டைத் திறந்து, விளக்கின் பின்னால் உள்ள மூன்று கால் கப்ளரை நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி கிளிப்பை அமுக்கி விடுவித்தால் பல்பு கையோடு வரும். புதிய பல்பை அடிப்பகுதியில் மட்டும் பிடியுங்கள். விரல் பட்டால் கையின் எண்ணெய் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒட்டி, அந்த இடம் அதிகமாகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைக்கலாம். அகலக் காதைப் பார்த்து உட்கார வைத்து, கிளிப், ரப்பர், கப்ளர் என்று வந்த வழியே திரும்புங்கள். ரப்பர் சரியாக உட்காராவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் முத்து கட்டும். ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் ஒரே வயதுதானே.

பிறகு சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. போலக் கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும். அது நடைபாதையைக் காட்டுவதற்காக. ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் உண்டு. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை என்றால் காரின் மூக்கு தூக்கும். அப்போது அந்தச் சக்கரத்தைத் திருப்பி ஒளியை இறக்க வேண்டும்.

சில கார்களில் பம்பரைக் கழற்றினால்தான் கை நுழையும். அதை வீட்டில் முயல வேண்டாம். 1991-இல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த செனான் வகை விளக்கு என்றால் தொடவே வேண்டாம், பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். கம்பெனியே எல்.இ.டி. வைத்து விற்கும் கார்களில், பெரும்பாலும் மாற்றுவதற்கென்று பல்பே இல்லை. 2007-இல் லெக்ஸஸ் காரில் தொடங்கிய ஏற்பாடு இப்போது நம் பட்ஜெட் கார்களுக்கும் வந்துவிட்டது. அவை ரிஃப்ளெக்டரோடு சேர்த்து வடிவமைத்தவை, கண் கூசுவது குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் பழுதானால் 1940-ஐப் போல மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். அன்று எந்தக் கடையிலும் ஒரே அளவில் கிடைத்தது. இன்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொன்று. விலையை வண்டி வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹாலஜன் பல்பை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். உள்ளே அழுத்தத்தோடு வாயு இருக்கிறது, உடைந்தால் சில்லு தெறிக்கும். புதிய பல்பு வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, மேலே காகிதம் சுற்றி, தூய்மைப் பணிக்கு வரும் அம்மாவிடம் "இது கண்ணாடி" என்று சொல்லிக் கொடுங்கள்.