வாயிலின் மேல் இருந்த பெயர்

வேல்ஸ் நாட்டில் மதுவிடுதி நடத்திய ஒருவர் தம் பெயரைத் தெருவுக்கு மறைக்க அன்று இயலவில்லை. இந்த விடுதியின் உரிமத்தைப் பெற்றவர் இன்னார், இன்னின்ன பானங்களை விற்க அவருக்கு அனுமதி உண்டு என்று வாயிலின் மேல் எழுதி வைத்தல் வேண்டும் என்பது அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டமாக இருந்தது. ஊரார் அனைவரும் நாள்தோறும் படித்த பெயர் அது. ஆயினும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அத்தகைய விடுதியொன்றை நடத்திய மூதாதையைத் தேடி அவருடைய வழித்தோன்றல்கள் இன்று புறப்பட்டால், பெரும்பாலும் ஒரு வெறுமையையே முதலில் எதிர்கொள்கின்றனர். ஊரறிந்த மனிதர் வீட்டின் நினைவிலிருந்து எவ்வாறு நழுவினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காரணங்களுள் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் மக்களின் வாழ்வை வடிவமைத்தவை ஆங்கிலிக்கத் திருச்சபையினின்று விலகி நின்ற சபைகளின் சிற்றாலயங்கள். மெத்தடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் இன்னபிறரும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஆலயம் எழுப்பினர். மதுவிலக்கை அறத்தின் அடையாளமாகவே போற்றினர். சிறுவர்கள்கூட மது அருந்துவதில்லை என உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். 1881-இல் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுவிடுதிகளை மூடும் சட்டம் வேல்சுக்கென்றே தனியாக இயற்றப்பட்டது. அது 1921-இல் மன்மத்ஷயருக்கும் விரிவாக்கப்பட்டது. 1961-க்குப் பின்னரே அந்தந்த வட்டார மக்கள் வாக்களித்து அதை நீக்கும் வழி பிறந்தது. கடைசி வட்டாரமான துவைவோர் 1996-இல்தான் தன் கதவைத் திறந்தது. இப்படிப்பட்ட சமூகத்தில் விடுதி நடத்திய தாத்தாவைப் பற்றி ஆலயத்துக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளிடம் யார் பேசுவார்? 'ஓட்டல் வைத்திருந்தார்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. மதுவிடுதியை வேல்ஸ் மொழியில் 'தவார்ன்' என்பர். குடிசை, கடை, சத்திரம் எனப் பல பொருள் தரும் 'தபெர்னா' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது. அச்சொல்லின் குறுமை வடிவமே 'தபெர்னாக்குலும்'. நம் ஆலயங்களில் நற்கருணைப் பேழையைக் குறிக்கும் சொல்லும், வேல்ஸ் ஊர்களில் எண்ணற்ற சிற்றாலயங்கள் தாங்கி நிற்கும் 'தபெர்னாக்கிள்' என்னும் பெயரும் அதிலிருந்தே தோன்றின. தெருவின் இருமருங்கிலும் ஒன்றையொன்று முறைத்து நின்ற விடுதியும் ஆலயமும் சொல்லளவில் உடன்பிறப்புகள்! ஊர்ப்பெயர்களிலும் இப்போட்டியைக் காணலாம். வடக்கே பெதெஸ்டா என்னும் கற்பலகைச் சுரங்க ஊர் அங்கிருந்த சிற்றாலயத்தால் பெயர் பெற்றது. தெற்கே கிராஸ்கீஸ் என்னும் ஊர் ஒரு விடுதியால் பெயர் பெற்றது. அவ்விடுதிப் பெயர் குறிக்கும் குறுக்காக வைத்த இரு சாவிகளோ புனித பேதுருவின் சின்னம்.

இரண்டாவது தடை பெயர். தந்தையின் பெயரே மகனின் பின்பெயராக அமைந்த பழைய வழக்கம் காலப்போக்கில் நிலையான குடும்பப் பெயராக உறைந்துபோனதால், ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என ஒருசில பெயர்களே நாடெங்கும் நிறைந்தன. ஒரே தெருவில் மூன்று டேவிட் ஜோன்ஸ் இருப்பர். எனவே தொழிலைச் சேர்த்து அழைப்பது வழக்கமாயிற்று. பால் விற்பவர் 'ஜோன்ஸ் தி மில்க்' ஆனார், விடுதிக்காரர் தம் விடுதியின் பெயரால் அறியப்பட்டார். ஆகவே மனிதரைத் தேடுவோர் முதலில் விடுதியைத் தேடுதல் நலம். மனிதர்கள் மாறினாலும் 'சிவப்புச் சிங்கம்' அதே மூலையில் நின்றுகொண்டிருக்கும்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கே இத்தகைய தேடலுக்கு முதுகெலும்பு. 1921-ஆம் ஆண்டுக் கணக்கு நூறாண்டுக் காப்பு முடிந்து 2022-இல் வெளியாயிற்று. 1931-ஆம் ஆண்டுக் கணக்கு இனி ஒருபோதும் வெளிவராது. 1942 டிசம்பரில் கிடங்கொன்றில் மூண்ட தீயில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய ஏடுகள் முழுவதும் எரிந்துபோயின. எதிரியின் குண்டு வீழ்ந்து மூண்ட தீயன்று அது. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் செல்வங்களை வேல்ஸ் மலைகளின் கற்பலகைச் சுரங்கத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த அதே நாள்களில், கோடிக்கணக்கான எளியோரின் பெயர்கள் இப்படிச் சாம்பலாயின. 1941-இல் போரின் காரணமாகக் கணக்கே எடுக்கப்படவில்லை.

இந்த முப்பதாண்டு இருளில் எஞ்சியிருக்கும் ஒரே விளக்கு 1939-ஆம் ஆண்டின் தேசியப் பதிவேடு. போர் அறிவிக்கப்பட்டு நான்கு வாரம்கூட நிறையாத செப்டம்பர் 29 அன்று, அடையாள அட்டை வழங்குவதற்காக வீடுதோறும் பெயர்கள் எழுதப்பட்டன. பெயர், பிறந்த நாள், மணநிலை, தொழில் எனச் சில பத்திகளே உண்டு. விடுதிக்காரரின் பெயருக்கு நேரே 'லைசென்ஸ்டு விட்லர்' என்னும் பழஞ்சொல் காணப்படும். உணவும் பானமும் விற்க உரிமம் பெற்றவர் என்பது பொருள். விமானத் தாக்குதல் காப்புப் பணியில் அவர் சேர்ந்திருந்தால் அதுவும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

அவருக்கு அடுத்த வரியில் மனைவியின் பெயர். அவருடைய தொழில் யாது? பெரும்பாலான பக்கங்களில் நாம் படிப்பது 'ஊதியமற்ற வீட்டுப் பணிகள்' என்னும் ஒரே தொடர். இந்த இடத்தில் தேடுவோர் விரைந்து கடந்துவிடலாகாது. விடுதி என்பது வீடும் கடையும் ஒன்றாகிய இடம். விடியலில் தரையைக் கழுவியவர், கோப்பைகளைத் துலக்கியவர், சமைத்தவர், மாலையில் கணவரோடு நின்று பீர் ஊற்றிக் கொடுத்தவர், கடன் சொன்னவர்களின் கணக்கை நினைவில் வைத்திருந்தவர் யார்? போர்க்காலத்தில் அச்சுமை மேலும் கூடிற்று. பீருக்குப் பங்கீடு இல்லை. ஆனால் வரி ஏறியது, அதன் வீரியம் குறைக்கப்பட்டது, சரக்குத் தீர்ந்துவிட்டதென்று அட்டை தொங்கவிட வேண்டிய நாள்களும் வந்தன. சன்னல்களிலிருந்து ஒளி கசியாதபடி இருட்டடிப்புத் திரைகளை மாலைதோறும் இழுத்து மூட வேண்டும். இவ்வளவும் செய்த பெண்மணி அரசின் ஏட்டில் தொழிலற்றவர். அந்த ஏட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. ஊதியம் இல்லை என்பது உண்மையே. எனினும் 'விடுதி நடத்திய மூதாதை' என்று நாம் ஒருமையில் பேசுவது எத்தனை குடும்பங்களில் பாதி உண்மை என்பதை அந்த வரி உணர்த்துகிறது.

அந்தப் பெண்மணியை வெளிச்சத்துக்குக் கொணரும் ஏடு வேறொன்று உண்டு. அது நீதிபதிகள் பேணிய மதுவிடுதி உரிமப் பதிவேடு. விடுதியின் பெயர், உரிமையாளர், உரிமம் பெற்றவர், கைமாறிய நாள், தண்டனை ஏதேனும் இருப்பின் அதுவும் அதில் எழுதப்படும். உரிமையாளர் என்னும் இடத்தில் பெரும்பாலும் பீர் வடிக்கும் ஆலையின் பெயரே இருக்கும். கார்டிஃபின் பிரெய்ன்ஸ், ஹான்காக்ஸ், லனெத்லியின் பக்லீஸ் போன்றவை இவ்வாறு நூற்றுக்கணக்கான விடுதிகளைத் தம் வசம் வைத்திருந்தன. விடுதிக்காரர் குடியிருப்பாளர் மட்டுமே. கணவர் இறந்தாலோ, படைக்குச் சென்றாலோ உரிமம் மனைவியின் பெயருக்கு மாற்றப்படுவதுண்டு. முன்பு தொழிலற்றவராயிருந்த பெண்மணி அப்போது திடீரென ஏட்டில் தோன்றுகிறார். ஓரிரவில் கற்றுக்கொண்ட தொழிலா அது?

உரிமங்களைப் புதுப்பிக்கும் ஆண்டுக் கூட்டம் பிப்ரவரியின் முதல் இரு வாரங்களுக்குள் நடைபெறுவது சட்டம் விதித்த முறை. 1941-இல் சுவான்சி நகரத்து விடுதிக்காரர்களின் உரிமங்கள் அவ்வாறு பரிசீலிக்கப்பட்டுச் சில நாள்களே கழிந்திருந்தன. பிப்ரவரி 19, 20, 21 ஆகிய மூன்று இரவுகள் செருமானிய விமானங்கள் அத்துறைமுக நகரின்மேல் குண்டு பொழிந்தன. 230 பேர் மாண்டனர். நகரின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 41 ஏக்கர் தரைமட்டமாயிற்று. கடைவீதியும் சந்தையும் அழிந்தன. விடுதிகள் பலவும் மறைந்தன. கட்டிடம் அழிந்த பின்னும் உரிமம் அழியவில்லை. அதை நிறுத்தி வைத்து, போருக்குப் பின் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் வழி செய்தது. சுவர் இல்லாத விடுதி ஏட்டில் மட்டும் உயிரோடிருந்த காலம் அது.

சுவான்சியில் பிறந்த கவிஞர் டிலன் தாமஸ் 1947-இல் பி.பி.சி. வானொலிக்கு எழுதிய 'மீள் பயணம்' என்னும் உரைச்சித்திரத்தில், அழிந்த நகரில் தம் இளமைக்கால உருவத்தையே தேடி அலைகிறார். தேடலை அவர் தொடங்கும் இடம் ஒரு விடுதியின் மதுக்கூடம். முதலில் விசாரிப்பது அங்குப் பணிபுரியும் பெண்ணிடம். எரிந்துபோன கடைகளின் பெயர்களைப் பிழையின்றிச் சொல்வதற்காக நகராட்சியிடம் எழுதிக் கேட்டுப் பெற்றார் என்பர். கவிஞருக்கும் பட்டியல் வேண்டியிருந்தது!

குண்டுவீச்சில் விடுதிக்காரர் மாண்டிருப்பின், பொதுமக்களில் போரால் இறந்தோரின் பட்டியலில் அவர் பெயரைக் காணலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஏழு தொகுதிகளாக வைக்கப்பட்டுள்ள அப்பட்டியலில் ஏறத்தாழ 67,000 பெயர்கள் உள்ளன. முகவரியும் இறந்த இடமும் குறிக்கப்பட்டிருப்பதால், தெருவெண்ணுக்குப் பதிலாக விடுதியின் பெயரே அங்கு நின்று வழிகாட்டக்கூடும்.

உயிர் பிழைத்தவர்களின் தடம் 1939-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலேயே தொடர்கிறது. பின்னாளில் அந்த ஏட்டை நாட்டு மருத்துவப் பணித்துறையும் பயன்படுத்திக்கொண்டதால், மணமான பெண்களின் பழைய பெயரை அடித்துப் புதுப்பெயரை மேலே எழுதி வந்தனர். விடுதிக்காரரின் மகள் எந்தக் குடும்பத்துக்குச் சென்றார் என்பதை அந்தச் சிறு திருத்தம் காட்டிவிடுகிறது. அதே வீட்டில் சில வரிகள் கறுப்புப் பட்டையால் மூடப்பட்டிருக்கும். பிறந்து நூறாண்டு ஆகாதவர், இறப்பும் உறுதி செய்யப்படாதவர் என்பது அதன் பொருள். விடுதியின் மாடியறையில் உறங்கிய குழந்தைகளே அவர்கள். ஆண்டுதோறும் நூறாண்டு நிறைந்தோரின் வரிகள் திறக்கப்பட்டு வருகின்றன. திறவாத வரிக்குரியவர் எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் அமர்ந்து, ஊற்றிக் கொடுத்த தாயின் முகத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கவும் கூடும்.