ஒரு மாலையும் ஒரு பதக்கமும்

சென்னை தியாகராய நகரின் உஸ்மான் சாலைக்கு நகை வாங்கச் செல்லாத குடும்பம் நம்மில் அரிது. 1934ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கிய அச்சாலை, இன்று தங்கத்தால் அறியப்படுகிறது. பழைய நகையைக் கொடுத்துப் புதியதை வாங்குகையில் தராசு எடையை மட்டுமே சொல்லும். அந்த நகையை எந்த நிக்காஹ்வில், யார், யாருக்கு அணிவித்தார் என்பதை அது சொல்லாது. ஒரு கழுத்து மாலையைக் கண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிய வரலாறு நமக்கு உண்டு. அதை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருப் போர். குறைஷியர் படையில் நின்று போரிட்டுச் சிறைப்பட்டவர்களுள் அபுல் ஆஸும் ஒருவர். அவர் கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி ஹாலாவின் மகன். நபியவர்களின் மூத்த மகள் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர். ஸைனப் இஸ்லாத்தை ஏற்றிருந்தார். கணவர் அப்போது ஏற்கவில்லை. மனைவியை மணவிலக்குச் செய்யுமாறு குறைஷித் தலைவர்கள் வற்புறுத்தியபோதும் அவர் மறுத்துவிட்டார். கொள்கை இருவரையும் பிரித்து நின்ற காலத்திலும் அவர்களிடையே அன்பு நிலைத்திருந்தது.

மக்காவாசிகள் தத்தம் உறவினரை மீட்கப் பொருள் அனுப்பினர். ஸைனப் (ரலி) அனுப்பியவற்றுள் ஒரு மாலையும் இருந்தது. அவருடைய திருமணத்தின்போது தாயார் கதீஜா (ரலி) அணிவித்த மாலை அது. கதீஜா (ரலி) மறைந்து ஆண்டுகள் சில கடந்திருந்தன. தாயின் நினைவாகத் தம்மிடம் இருந்ததையே கணவரின் விடுதலைக்காக மகள் கொடுத்தனுப்பினார். அதைக் கண்ட நபியவர்கள் பெரிதும் நெகிழ்ந்தார்கள்.

அடுத்து நடந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். படையின் தலைவராக இருந்தும், மாலையைத் திருப்பியனுப்புமாறு நபியவர்கள் ஆணையிடவில்லை. மீட்புப் பொருளில் தோழர்களுக்கும் உரிமை இருந்தது. ஆகவே, உங்களுக்கு விருப்பமானால் அவருடைய கைதியை விடுவித்து, அவருக்குரியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்ற கருத்தில் அவர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் மகிழ்வுடன் இசைந்தனர். தந்தையின் பாசம் பிறர் உரிமையைக் கடக்கவில்லை; சட்டம் பாசத்தை நசுக்கவும் இல்லை.

ஸைனபை மதீனாவுக்கு அனுப்பிவைப்பதாக அபுல் ஆஸ் வாக்களித்து, அதை நிறைவேற்றினார். விடுதலை பெற்றவருக்கு அந்த வாக்கே பிரிவைக் கொண்டுவந்தது. ஆண்டுகள் பல கழிந்தபின், தம் வணிகப் பொருள்களை இழந்த நிலையில் மதீனாவுக்கு வந்த அவருக்கு ஸைனப் (ரலி) அடைக்கலம் அளித்தார். பொருள்கள் திரும்பக் கிடைத்தன. அபுல் ஆஸ் மக்கா சென்று, பிறர் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்த்த பிறகே கலிமா மொழிந்து, மனைவியிடம் திரும்பி வந்தார். சேர்ந்து வாழ்ந்த காலம் குறுகியதாகவே அமைந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஸைனப் (ரலி) வஃபாத்தானார்.

இனி நம் நாட்டின் அண்மைய வரலாற்றிலிருந்து ஒரு பெண்மணி. உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டம் தாமூப்பூர் கிராமத்தைச் சேர்ந்த ரசூலன் பீபி, 4ஆவது கிரெனேடியர்ஸ் படைப்பிரிவின் ஹவில்தார் அப்துல் ஹமீதின் மனைவி. 1965இல் விடுமுறை முடியுமுன்பே போருக்கு அழைப்பு வந்தது. புறப்படும் வேளையில் படுக்கையைக் கட்டிய கயிறு அறுந்ததென்றும், மனைவி அஞ்சித் தடுத்தாரென்றும், அவர் ஆறுதல் கூறிப் புறப்பட்டாரென்றும் சொல்லப்படுகிறது. சகுனத்தை மார்க்கம் ஏற்பதில்லை. ஆனால் அந்த அச்சத்தினுள் இருந்த அன்பு எவருக்கும் விளங்கும்.

பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு எதிரியின் பேட்டன் டாங்கிகளை அடுத்தடுத்துத் தகர்த்த அப்துல் ஹமீத், செப்டம்பர் 10 அன்று உயிர்நீத்தார். வயது 32. அவருடைய கபர் அம்மண்ணிலேயே உள்ளது. 1966 குடியரசு நாளில் பரம்வீர் சக்கரத்தை ரசூலன் பீபி பெற்றுக்கொண்டார். வழங்கியவர் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மயிலாப்பூரில் அவர் இல்லம் அமைந்த சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அப்பதக்கம் வெண்கலத்தாலானது. உஸ்மான் சாலைத் தராசில் அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம். ஆயினும் 2019 ஆகஸ்டில் மறையும் வரை, ஏறக்குறைய 54 ஆண்டுகள், அந்த நினைவோடு ரசூலன் பீபி வாழ்ந்தார்.

இத்துயரம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. காஷ்மீரின் ஷோபியானில் 2014 ஏப்ரலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல், அடையாறை அடுத்த பெசன்ட் நகரில்தான் இராணுவ மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. மறு ஆண்டு குடியரசு நாளில் அசோகச் சக்கரத்தைப் பெற்றுக்கொண்ட அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸை நாடே கண்டது.

இவற்றிலிருந்து நம் இல்லங்களுக்குச் சில பாடங்கள் உண்டு. முதலாவது, மனைவியின் நகை மனைவியின் உடைமை. ஸைனப் (ரலி) தாமே முன்வந்து கொடுத்தார். கொடுத்தது அவரிடமே திருப்பித் தரப்பட்டது. கணவரின் கடனுக்கோ வியாபாரத்துக்கோ மனைவியின் நகையைக் கேளாமல் எடுப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இரண்டாவது, பொருளுக்குத் தனியே புனிதம் இல்லை. அதன் மதிப்பு அது சுமக்கும் நினைவில் உள்ளது. உம்மாவின் கருகமணி, வாப்பா வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதம், பாட்டனாரின் பணிப் பதக்கம் ஆகியவை பீரோவின் அடியில் பெயரின்றிக் கிடக்கின்றன. அவற்றின் கதையை அறிந்தவர்கள் மறைந்தபின், எஞ்சுவது எடை மட்டுமே.

ஆகவே பெரியோர்கள் இருக்கும்போதே கேட்டறிவோம். யார், யாருக்கு, எப்போது கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி அப்பொருளுடன் வைப்போம். வாரிசுரிமைப்படி பங்கிடும்போது பங்கு பெறுபவரிடம் அந்தக் கதையையும் சேர்த்து ஒப்படைப்போம்.

பிரிவில் வாடும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் வல்ல அல்லாஹ் அழகிய பொறுமையை வழங்குவானாக! நம் இல்லறங்களை அன்பாலும் கருணையாலும் நிரப்புவானாக! ஆமீன்.