முரசு இருக்கையும் சதுரத் துளைக் காசும்

சீனச்சட்டி, சீனவெடி, சீனக்களி என நம் வீட்டுப் பேச்சிலேயே சீனம் குடிபுகுந்திருக்கிறது. எனினும், சீனத்துத் தோட்ட இருக்கையைப் பற்றிச் சந்தாபுரத் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். அவ்விருக்கையை அணிசெய்யும் காசு நம் தஞ்சை மண்ணிலும் கிடைத்துள்ளது என்பதே என் விடை.

மேலைநாட்டார் 'செலடான்' என்றழைக்கும் பசும்பூச்சுப் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர் செஜியாங் மாநிலத்து லுங்சுவான். பூச்சில் சிறிதளவு இரும்பு கலந்திருக்கும். காற்றைக் குறைத்துக் கடுந்தீயில் சுட்டால் அவ்விரும்பே பசுமையாக மாறும். செதுக்கிய பள்ளங்களில் பூச்சுத் தேங்கிக் கருமை கொள்ளும். மேடுகளில் மெலிந்து வெளிறும். ஆகவே, வேறு வண்ணம் தீட்டாமலே பூவும் கொடியும் புலப்படும். என் கண்ணுக்குப் பொன்வேலையைக் காட்டிலும் இதுவே அழகு.

மிங் அரசர் காலத்தில் (1368–1644) இப்பீங்கானில் இருக்கைகளும் செய்தனர். மழையில் மரம் உளுத்துப்போகும், பீங்கானுக்கு அக்கவலையில்லை. வடிவம் முரசு. மேலும் கீழும் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். முரசுக்குத் தோலை இழுத்து அறைந்த ஆணிகளின் நினைவே அவை. தோலும் இல்லை, ஒலியும் இல்லை. ஆணி மட்டும் அணியாக நின்றுவிட்டது! நடுவில் தாமரை, பியோனி மலர், பந்துருட்டும் சிங்கம் ஆகியவற்றைக் காணலாம். பக்கங்களில் ஊடுதுளை வேலைப்பாடும் உண்டு. துளைகளால் எடை குறையும், தூக்கவும் எளிது. அத்துளைகளில் அடிக்கடி காண்பது, வட்டத்துள் சதுரத் துளை கொண்ட செப்புக்காசின் வடிவம். செல்வத்தின் மங்கலச் சின்னம் அது.

அக்காசுகளைச் சீனர் கயிற்றில் கோத்துச் சரமாக வழங்கினர். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீன அரசவையை அடைந்தன; கடைசிக் குழுவில் 72 பேர் இருந்தனர். மன்னார்குடி வட்டத்துத் தளிக்கோட்டையில் சீனக் காசுகள் புதையலாகவே கிடைத்தன. 1281-இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் நம்மவர் தமிழ்க் கல்வெட்டே பொறித்துவைத்தனர். போனவர் வெறுங்கையோடு போகவில்லை, வந்தவரும் அப்படியே.

இருக்கைகள் நம் கரைக்கு வந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அதே லுங்சுவான் பசும்பீங்கான் வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் வெளிப்பட்டன. ஜப்பானியப் பேரறிஞர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்தார். இரயிலில் ஒரே இரவில் வரும் பீங்கான் பெட்டியே உடைந்து சேர்வதைக் கண்டு பழகிய எனக்கு, பாய்மரக் கப்பலில் இத்தனை கடல் கடந்து வந்தது வியப்பே.

விடுமுறைக்குக் கீழக்கரைப் பக்கம் செல்லும் அன்பர்கள் பெரியபட்டினத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி வருக. மண்ணில் பச்சை ஓடு மின்னினால், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டா. கிடந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறையாருக்குத் தெரிவியுங்கள். இடம் மாறிய ஓடு எந்தக் கப்பலைப் பற்றியும் பேசாது.